வரைபடத்தில் இல்லாத படிகள்

ரசேமா இருபத்திரண்டு வருடமாகக் கட்டடம் வரைகிறாள். ஒன்பது பெட்ரோல் பங்க், பேருந்து நிறுத்தத்துக்கு ஒரு கூரை, கணக்கில்லாத மாட்டுக் கொட்டகைகள். லிப்னிக் பள்ளத்தாக்கில் யார் வீட்டுக்கு ஓர் அறை கூட்ட வேண்டுமென்றாலும் அவளிடம்தான் வருவார்கள். ஆனால் போரில் தகர்ந்த பள்ளிவாசலைத் திரும்பக் கட்டலாமென்று ஜமாஅத் முடிவெடுத்தபோது ஒருவருக்கும் அவள் நினைவு வரவில்லை. அவளே வரைந்து எடுத்துக்கொண்டு போனாள்.

குவிமாடம் இல்லை. மினாரா ஒன்றே ஒன்று, அதுவும் குட்டை. பளிங்குக்குப் பதில் ஆற்றுக் கல். போகிறவர் வருகிறவர் யாரானாலும் குடிக்கத் தெருவைப் பார்த்து ஒரு தண்ணீர்க் குழாய். உள்ளே ஒரே தரை. முன்னால் ஆண்கள், பின்னால் பெண்கள், நடுவில் இடுப்பளவு மரத் தட்டி. பெண்கள் நுழையும் வாசலுக்கு நிலைப்படிகூட இல்லை.

அந்த வாசல் அவள் அம்மா ஜுல்சாவுக்காக. போருக்குப் பிறகு ஊர் தொழுதுவந்த தற்காலிகக் கூடத்தில் பெண்களுக்கு மாடிதான் இடம். இடுப்பெலும்பு முறிந்த ஜுல்சாவால் ஏற முடியவில்லை. ஒரு ரமலான் முழுக்க செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரவுத் தொழுகையான தராவீஹைத் தொழுதாள். மறுவருடம் அதையும் விட்டாள். இப்போது பதினோரு வருடமாகிறது.

ஏழு கூட்டங்களில் சண்டை போட்ட பிறகே ரசேமாவின் வரைபடத்துக்கு ஜமாஅத்தின் கையெழுத்து கிடைத்தது. அடுத்த பங்க் வேலைக்காகப் பத்து நாள் மோஸ்தார் நகரத்துக்குப் போய்விட்டு, திங்கட்கிழமை காலை நேராகக் கட்டடத்துக்கு வந்தாள். பின்சுவரை ஒட்டி ஆறு தூண் நின்றது. தூண்களின் மேல் புதிதாகப் போட்ட தளம். அதற்கு ஏறக் கைப்பிடியில்லாத ஒரு படிக்கட்டு. எண்ணினாள். பத்தொன்பது படி.

மேஸ்திரி நெஸிர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"பயப்படாதீங்க, யாருக்கும் சொல்லல. வரைபடத்துல பொம்பளைங்க மாடிய விட்டுட்டீங்க. நானே சேத்துட்டேன்."

"விட்டுட்டேனா?"

"மறதி யாருக்குத்தான் இல்ல? முப்பத்தோரு பள்ளி கட்டிட்டேன். மாடி இல்லாத பள்ளி உண்டா?"

"ஒரு போன் போட்டுக் கேக்கத் தெரியலையா?"

"கேட்டா உங்களுக்குல்ல அவமானம்! மானத்தக் காப்பாத்தினா கத்துறீங்களே!"

ரசேமாவுக்குத் தலை கொதித்தது. தளம் போட்டது கூலியாட்கள்கூட இல்லை. சனிக்கிழமை ஊர் ஆண்கள் அத்தனை பேரும் நன்மை கிடைக்குமென்று வந்து சட்டி சட்டியாகக் கான்கிரீட் சுமந்திருக்கிறார்கள். பெண்கள் தட்டுத் தட்டாகக் கறி அடைத்த புரெக் ரொட்டி சுட்டுக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். தங்களை மாடிக்கு விரட்டும் படிக்குத் தாங்களே தீனி போட்டிருக்கிறார்கள்!

அந்தப் பெண்கள் காலித் தட்டுகளை எடுத்துப்போக அப்போதுதான் வந்துகொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு ஷெம்சாவின் கையைப் பிடித்தபடி ஜுல்சாவும் வந்தாள். சத்தம் கேட்டு ஜமாஅத் தலைவர் எக்ரெமும் வந்து சேர்ந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். எல்லாரும் தன் வண்டியில் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துப் பேசுவார்.

"இத உடைங்க," என்றாள் ரசேமா.

"அல்லாஹ்வுக்காகச் சுமந்தத உடைக்கிறதா? நன்மைய சுத்தியலால அடிப்பியாம்மா நீ?" என்றார் எக்ரெம்.

"கையெழுத்துப் போட்டீங்களே, அது யாருக்காக?"

"அட, பத்தொம்பது படி. பெரிய மலையா என்ன?"

"சரி, அப்ப இருக்கட்டும். ஆம்பளைங்க மேல போங்க. நாங்க கீழ தொழறோம். மலையில்லையே!"

ஷெம்சா தட்டைத் தட்டிச் சிரித்தாள். "எக்ரெம் அண்ணே, தலைவரு நீங்க. முதல்ல ஏறிக் காட்டுங்க!"

எக்ரெம் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு ஏறினார். பன்னிரண்டாம் படியில் நின்று மினாராவைப் பார்ப்பதுபோல் மூச்சு வாங்கினார். உச்சிக்குப் போய், "பாத்தீங்களா?" என்று கத்தினார்.

இறங்கும்போது மேலிருந்து மூன்றாம் படியில் முட்டி பிடித்துக்கொண்டது. பிடிக்கச் சுவரில் ஒன்றுமில்லை. நெஸிர் தோள் கொடுக்க ஓடினார். "போய்யா!" என்று அவரைத் துரத்திவிட்டு எக்ரெம் உட்கார்ந்தார். பெண்கள் பார்க்கப் பார்க்க, ஒவ்வொரு படியாகப் பிட்டத்தால் தேய்த்து இறங்கினார். ஒருத்தியும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை போலிருக்கிறது. கால்சட்டைத் தூசியைத் தட்டிக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்:

"உடைச்சிருங்க."

"ஜெயிச்சிட்டே புள்ள!" என்று ஷெம்சா ரசேமாவின் முதுகில் அடித்தாள்.

"நானா ஜெயிச்சேன்? எங்கம்மா இடுப்பு பதினோரு வருஷமாச் சொல்லுச்சு, ஒருத்தன் காதுல விழல. அந்தாளு முட்டி அஞ்சு நிமிஷம் சொன்னதும் எல்லாருக்கும் கேட்டுருச்சு."

ஜுல்சா பெண்கள் நுழையும் வாசலுக்குப் போனாள். நிலைப்படியில்லாத வாசலில் ஊன்றுகோலை உள்ளே வைத்துப் பார்த்தாள், வெளியே எடுத்தாள், மறுபடி வைத்துப் பார்த்தாள்.

நெஸிர் தலையைச் சொறிந்தார். "சரி, சனிக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டு உடைச்சிரலாம். அதுவும் நன்மைதான். பொம்பளைங்கள புரெக் மட்டும் கொண்டாரச் சொல்லிருங்க."

ரசேமா காலித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அவர் கைகளில் வைத்தாள்.

"இந்தத் தடவ நீங்க சுட்டு எடுத்துட்டு வாங்க மேஸ்திரி. நாங்க உடைக்கிறோம்."