ஒரு கிலோமீட்டர் கட்டத்துக்குள் அப்பா

அப்பா வேட்டி நுனியில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மடிக்கணினித் திரையில் எங்கள் நிலத்தைத் தேடிய அந்தப் பிற்பகலை நினைத்தால் எனக்கு இன்னும் எரிகிறது. மடிக்கணினி என் அறைத்தோழியுடையது. "தோ பாரு, நம்ம ராகிக் கொல்லை. இது ரோஜாக் கொட்டகை" என்று விரலை வைத்து வைத்துச் சிரித்தார். நான் காட்டிய வரைபடங்களைப் பார்த்து அவர் ஒருமுறைகூட அப்படிச் சிரித்ததில்லை.

நானும் அவளும் ஓசூரில் ஒரே ஆய்வு அலுவலகத்தில் வேலை பார்த்தோம். அவள் திருநெல்வேலிப் பக்கம், நான் கெலமங்கலத்துக்காரி. எந்த நிலம் ஆலையாகும், எது மனைப்பிரிவாகும், எது கொல்லையாகவே நிற்கும் என்று கணிக்கும் கணினி மாதிரிகளை உருவாக்குவது எங்கள் வேலை. அதற்கு வரைபடத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒரு கட்டத்துக்குள் எது அதிகமோ, அதுவே அந்தக் கட்டம் முழுவதற்கும் பெயராகும். என் கட்டம் ஒரு கிலோமீட்டர். மாவட்டம் முழுவதும் ஒரே பார்வையில் அகப்படும். அவள் கட்டம் முப்பது மீட்டர்.

என் வரைபடத்தை முதன்முதலில் பார்த்தபோது கேட்டாள்: "ஏட்டி, ஒங்க ஊரையே குடியிருப்புன்னு போட்டுட்டியே. ஒங்கப்பா எங்க?" எங்கள் கொல்லையைச் சுற்றி மனைகள் பெருகிவிட்டிருந்தன. என் கட்டத்தில் அவை ஜெயித்து, அப்பா காணாமல் போயிருந்தார். அவள் கேலியாகக் கேட்கவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

அவளை வீட்டுக்கு அழைத்துப் போனதும் நான்தான். எங்கள் வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும். இரண்டாம் வருகையிலேயே அவள் அம்மாவிடம் "பாகுன்னாரா?" என்று தெலுங்கில் நலம் விசாரித்தாள். அம்மா கேட்காமலே அவள் தட்டில் இன்னொரு களி உருண்டையை வைத்தாள்.

அந்தப் பிற்பகல், சிரித்து முடித்த அப்பா குரலைத் தாழ்த்தினார். பக்கத்துக் கொல்லைக்காரர் விற்றுவிட்டார். தரகர் எங்களையும் நெருக்கிக்கொண்டிருந்தார். "சொல்லு கண்ணு, வித்துடலாமா, வெச்சிக்கலாமா?" கேட்டது அவளை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "பக்கத்து நெலம் மாறுனா இதுவும் மாறும்னுதான் என் கணக்குல வருது, நைனா. ஆனா என் கணக்குக்கு அக்கம்பக்கம் மட்டுந்தான் தெரியும். ஆலையெல்லாம் எந்தப் பக்கமாப் போவுதுன்னு இவளுக்குத்தான் தெரியும். இவகிட்ட கேளுங்க."

நைனா. அப்பாவை நான் மட்டும் அழைத்த சொல் அது. விட்டுக்கொடுத்த கையோடு அதை எடுத்துக்கொண்டாள்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஆலைங்க சூளகிரி, குருபரப்பள்ளி ரோட்டோரமாத்தான் போவுது, நைனா. நம்ம பக்கம் வேகம் கொறையும். இப்ப விக்க வேணாம்" என்றேன். சண்டைக்குப் போகிறவள் குரல்போல எனக்கே கேட்டது. அப்பா விற்கவில்லை.

பிறகு இரண்டு மாதிரிகளையும் இணைத்தோம். ஒரு வட்டாரத்தில் எவ்வளவு நிலம் மாறும் என்பதை என் பெரிய கட்டம் சொல்லும். அது எந்தெந்தக் கொல்லை என்பதை அவளுடைய சின்னக் கட்டம் தேடும். தனித்தனியே சறுக்கிய இடங்களில் சேர்ந்து ஓரளவு தேறினோம். அறிக்கையில் அகரவரிசைப்படி அவள் பெயர் முதலில் வந்தது. அகரவரிசை மீதும் எனக்குக் கோபம் வந்தது.

இப்போது அவள் சென்னையில் இருக்கிறாள், நான் ஓசூரிலேயே. கொல்லையைச் சுற்றி மூன்று பக்கமும் வீடுகள் வந்துவிட்டன; அப்பா நடுவில் தக்காளி போட்டிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிட்டால் லைன் கிடைக்கவேயில்லை. கடைசியில் எடுத்தவர், "அந்தப் பொண்ணு பேசிக்கினு இருந்துச்சு. தக்காளி என்னா வெல போவுதுன்னு வெசாரிச்சிது" என்றார். "நீ எதுக்கு கண்ணு கூப்ட்ட?"

எதற்கு அழைத்தேன் என்பதே மறந்துபோயிற்று. "தக்காளி என்னா வெல போவுது, நைனா?" என்றேன்.

அதற்குமுன் ஒருநாளும் நான் அதைக் கேட்டதில்லை.