தாய்மொழிக்கு ஒரு விசா

மலையாள இலக்கியக் கூட்டங்களுக்கு நான் போகத் தொடங்கியதே அவர் திட்டுவதைக் கேட்கத்தான். கேரள எல்லையை ஒட்டிய குமரி மாவட்டத்து ஊரில் பிறந்தவள் என்பதால் எனக்கு மலையாளம் வாசிக்கவும் வரும். குவைத்தில், அப்பாசியாவில், வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒரு டியூஷன் சென்டரில் இருபது முப்பது பேர் கூடுவோம். யாராவது தன் கதையை வாசிப்பார்கள். பிறகு அவர் எழுந்திருப்பார். ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்து, இங்கே ஃபஹாஹீலில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியின் ஆபீசில் வேலை செய்பவர். அவருடைய விமர்சனக் கட்டுரைகள் வந்தால் கேரளத்தில் பெரிய எழுத்தாளர்களுக்கே அன்று சாப்பாடு இறங்காது என்பார்கள். எல்லோருக்கும் அவர் மாஷ், அதாவது வாத்தியார்.

ஒருமுறை சூப்பர்மார்க்கெட் முதலாளி ஒருவர் பிறந்த மண்ணைப் பற்றிக் கவிதை வாசித்தார். அன்றைய பிரியாணி அவர் செலவு. மாஷ் எழுந்து, "இதுல கண்ணீர் தாராளம் உண்டு. மண்ணு எவிடே?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். பிரியாணியும் சாப்பிடவில்லை. இப்படி ஒரு மனிதர் கையில் ஏதாவது அதிகாரம் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே அறைக்கு நடந்தேன்.

கிடைத்தது. இங்கே மலையாளிகளின் சங்கத் தேர்தல் என்பது கேரளத் தேர்தலின் குட்டி. அதே கட்சிகள், அதே வசை. ஆனால் ஊரில் முகம் பார்க்காதவர்கள் இங்கே ஒரே பேனலில் நிற்பார்கள். அந்தச் சங்கம் ஒரு பள்ளி நடத்துகிறது; உறுப்பினரான தமிழர்களுக்கும் அதில் ஓட்டு உண்டு. மாஷ் கல்விப் பொறுப்புக்குப் போட்டியிட்டார். குழந்தை முதலில் தன் தாய்மொழியில் யோசிக்கட்டும், மற்றதெல்லாம் தானே வரும் என்பதுதான் அவருடைய பேச்சு. அதே பள்ளியில் தமிழ்க் குழந்தைகளும் படித்தார்கள். அவர்களுடைய டீச்சர் பிரசவத்துக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. தமிழ்ப் பீரியடில் பிள்ளைகள் லைப்ரரியில் உட்கார்ந்து படத்துக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தார்கள். புது டீச்சர் வேண்டுமென்றால் பள்ளி ஒரு விசா எடுக்க வேண்டும். "நான் வந்தா முதல் விசா தமிழுக்கு" என்றார் மாஷ்.

அது போதுமாக இருந்தது எனக்கு. டூட்டி முடிந்ததும் ஃப்ளாட் ஃப்ளாட்டாக ஏறினேன். முதலில் போனது என் ஊர்ப்பக்கத்து நர்ஸ் அக்கா வீட்டுக்கு.

"அந்த மாஷுக்கு ஓட்டுப் போட்டா எனக்கு என்ன கெடைக்கும் மக்ளே? மலையாளத்துல நல்லா ஏச்சு வாங்கலாம், அவ்வளவுதான?"

"தமிழ் டீச்சர் வருவாங்க அக்கா."

அக்கா சிரிக்கவில்லை. அவருக்கு இரண்டு வருடத்தில் வேலை முடிகிறது. மகள் எட்டாம் வகுப்பு. ஊருக்குப் போய் பத்தாம் வகுப்பில் தமிழ்ப் பரீட்சை எழுதியாக வேண்டும். அவளுக்கோ தன் பெயரைத் தவிர ஒன்றும் எழுதத் தெரியாது. இப்போதே ஊரில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஹாஸ்டலில் சேர்க்கச் சொல்லிக் கணவர் கப்பலிலிருந்து தினமும் போன் செய்துகொண்டிருந்தார். டீச்சர் வந்தால் மகளை இந்த இரண்டு வருடமும் தன்னுடனே வைத்துக்கொள்ளலாம்.

"உறுதியா சொல்லுதியா?"

"மாஷ் சொன்னா சொன்னதுதான்."

ஹாஸ்டலில் அந்த ஜூனுக்குப் பேசி வைத்திருந்த இடத்தை அக்கா விட்டுவிட்டார். அவருடைய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த எங்கள் ஊர் நர்சுகள் அத்தனை பேரும் குடும்பத்தோடு வந்து ஓட்டுப் போட்டார்கள்.

மாஷ் ஜெயித்தார். அதன்பின் சில மாதங்கள் எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டம் நடக்கவில்லை. ஒரு நாள் பள்ளியிலிருந்து அறிவிப்பு வந்தது. எட்டாம் வகுப்பு வரை மலையாளம் விரிவாக்கப்படுகிறது; கேரளத்தில் பேசப்படும் கல்விச் சீர்திருத்தத்தை வளைகுடாவில் முதலில் செய்வது நாம்தான் என்று பெருமையாக எழுதியிருந்தது. அதற்கு ஒரு மலையாள டீச்சர் கூடுதலாகத் தேவைப்பட்டார். அந்த வருடம் பள்ளிக்கு அனுமதி கிடைத்தது ஒரே ஒரு விசாவுக்குத்தான்.

பள்ளி வாசலுக்கு எதிரே கஃபதேரியாவில் அவரைப் பிடித்தேன். நான் தமிழில் பேசுவேன், அவர் பாதி மலையாளத்தில் பேசுவார், எப்போதும் அப்படித்தான்.

"முதல் விசா தமிழுக்குன்னு சொன்னீங்க மாஷ்."

"சொன்னேன் மோளே. பேனல்ல மூணு கட்சி. இது ஒண்ணுக்குத்தான் மூணும் சம்மதிச்சது. இதையும் விட்டா ஒண்ணும் நடக்காது."

"தாய்மொழின்னு சொல்லித்தானே ஓட்டு கேட்டோம். எங்க பிள்ளைங்க தாய்மொழி எதுல சேரும்?"

"முதல்ல தத்துவம் ஜெயிக்கட்டும். தமிழ் இரண்டாம் கட்டம்."

கூட்டத்தில் யாராவது இப்படி ஒரு வரியை வாசித்திருந்தால் அவர் தாளைப் பிடுங்கியிருப்பார். அதை நான் சொல்லவும் செய்தேன். அவர் டீயைக் கலக்கிக்கொண்டே, "எழுதுற ஆளுக்கு யார் ஆதரவும் வேண்டா. இவிடே வேணும்" என்றார். அப்போது அந்தச் சூப்பர்மார்க்கெட் முதலாளி உள்ளே வந்தார். பேனலின் பொருளாளர் அவர்தான். மாஷ் எழுந்து நின்று இடம் கொடுத்தார். அவருடைய கவிதைத் தொகுப்புக்குத் தான் எழுதும் முன்னுரை முடிந்துவிட்டதென்றும் தொகுப்பு நன்றாக வந்திருக்கிறதென்றும் சொன்னார். என் டீக்குக் காசு கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

அக்காவிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. விட்ட இடத்தை மறுபடி கெஞ்சி வாங்கியிருந்தார். வருடத்தின் பாதியில் சேர வேண்டும், விட்ட பாடத்தைத் தினமும் ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்துதான் பிடிக்க வேண்டும் என்று ஹாஸ்டல் சிஸ்டர் சொன்னாராம்.

"நான் சொல்லிக் கொடுக்கிறேன் அக்கா. தினமும் வர்றேன்."

"உன்ன நம்பலைன்னு இல்ல மக்ளே. இனி ஒருத்தர நம்பி ஒரு வருசத்த விட எனக்கு வழியில்ல."

டிக்கெட் போட்டிருந்த நாள் வரைக்குமாவது வருகிறேன் என்றேன். சரி என்றார். ஹாஸ்டலிலிருந்து டவுனுக்குத் தனியாகப் போய்வர வேண்டியிருக்கும் என்பதால் பஸ் போர்டை மட்டும் வாசிக்கச் சொல்லிக் கொடுத்தேன். பெரிய எழுத்தில் ஊர்ப்பெயர்களைத் தாளில் எழுதிக் காட்டுவேன். அவள் கெட்டிக்காரிதான். ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுக் கேட்டுக் கற்றாள். கடைசி நாளன்று 'மார்த்தாண்டம்' என்று எழுதிக் காட்டினேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். 'ண்'ணில் நின்றாள். திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். கடைசியில் சரியாகச் சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"அதுக்குள்ள பஸ் போயிருக்கும் பிள்ளே" என்றார் அக்கா. மகள் சிரித்தாள். அக்கா பெட்டிப் பக்கம் திரும்பி, மடித்து வைத்திருந்த மகளின் யூனிபார்மை எடுத்து மறுபடியும் மடிக்கத் தொடங்கினார்.