பன்னிரண்டு ஓரங்கள்

போன வாரம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டோபிக் கடையைத் தாண்டிப் போகும்போது உள்ளேயிருந்து நீராவி இஸ்திரியின் மணம் வந்தது. புதுப் பருத்தித் துணியில் ஆவி படும்போது மட்டும் வரும் மணம் அது. கொஞ்சம் கஞ்சி, கொஞ்சம் ஈரச் சாக்பீஸ். வாழையிலைச் சாப்பாட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன், நல்ல பசியும் இருந்தது. ஆனாலும் கடை வாசலில் நின்றுவிட்டேன். உள்ளே இருந்த அண்ணன், "என்ன தங்கச்சி, துணி எடுக்கணுமா? ரசீது இருக்கா?" என்றார். "இல்லண்ணே, சும்மா" என்றேன். ஒருத்தி டோபிக் கடை வாசலில் சும்மா நிற்பாள் என்பதை அவர் நம்பவில்லை. இஸ்திரி போட்டுக்கொண்டே இன்னும் இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

அந்த மணம் என் முதல் வேலையின் மணம். ஆடைத் தொழில்நுட்பம் படித்து முடித்ததும் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தையல் தொழிற்சாலையில் சேர்ந்தேன். வீட்டில் எல்லோரிடமும் "டிசைனர்" என்று சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் நான் ஒரு பூவைக்கூட வரைந்ததில்லை. யாரோ வரைந்த உடையைக் கை, கழுத்து, முதுகு என்று தனித்தனித் துண்டுகளாக்கி, கணினியில் கோடு போட்டு, ஐந்து அளவுகளில் வெட்டுக்கு அனுப்புவதுதான் என் வேலை. எனக்குப் பொருத்தமான வேலை. சின்ன வயதிலிருந்தே நான் பட்டியல் போடுகிறவள். பள்ளிப் பயணத்துக்குக்கூட இரண்டு பட்டியல் வைத்திருப்பேன், எடுத்துப்போக ஒன்று, மறக்காமல் திரும்பக் கொண்டுவர ஒன்று. "இவ மூச்சு விடறதுக்கும் லிஸ்ட் வெச்சிருப்பா லா" என்று என் சூப்பர்வைசர் சொல்வார். கேலிதான். எனக்கென்னவோ பாராட்டு மாதிரி கேட்கும்.

அந்தப் பட்டியல்களால்தான் என்னைச் சனிக்கிழமை வகுப்புக்குக் கூப்பிட்டார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே, முதல் மாடியில் நடந்தது. ஆடை வடிவமைப்புப் படித்து முடித்தும் தொழிலுக்குள் எப்படி நுழைவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக, துறையில் இருக்கும் சிலர் சேர்ந்து நடத்திய ஆறு மாதத் திட்டம் அது. ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி. படியேறும்போது கீழே மல்லிகை மணக்கும், மேலே போகப்போக நீராவி மணக்கும். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. "வழிகாட்டி" என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது. பிடித்தும் இருந்தது. ஒருநாள் அதைக் கழற்ற மறந்ததுபோல எல்ஆர்டி ரயிலில் போட்டுக்கொண்டே வீடு வரை போயிருக்கிறேன்.

என்னிடம் ஒப்படைக்கப்பட்டவர் விமலா அக்கா. என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்து, கிள்ளானில் குடியேறியவர். துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் பன்னிரண்டு வருடம் குமாஸ்தா வேலை. கூடவே மாலை வகுப்பில் ஆடை வடிவமைப்புப் படித்து முடித்து, இந்தத் திட்டத்தில் இடம் கிடைத்ததும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். முதல் நாளே "வணக்கம் மேடம்" என்றார்.

"மேடம்னு கூப்பிடாதீங்க அக்கா."

"நீங்க என்னை அக்கான்னா, நான் எப்படி உங்ககிட்ட ஸ்டூடண்ட்? ஒண்ணு நான் சின்னவளா இருக்கணும், இல்ல நீங்க பெரியவங்களா இருக்கணும். வழியில்லை லா, மேடம்தான்."

கடைசி வரைக்கும் மேடம்தான்.

அவர் செய்ய நினைத்தது ஒரே ஓர் உடை. வேலைக்குப் போகும் பெண்களுக்கான பஞ்சாபி சூட் மேல்சட்டை. கடையில் கிடைப்பதெல்லாம் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. அவர் சட்டையின் உடற்பகுதியை ஆறு நீளத் துண்டுகளாகப் பிரித்திருந்தார். ஏன் ஆறு என்று கேட்டேன். "நம்ம பொம்பளைங்க நின்னா ஒரு சைஸ், உக்காந்தா ஒரு சைஸ் மேடம். ரெண்டுக்கும் ஒரே சட்டை வேணும்" என்றார். மாதிரியைத் தானே தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். உட்கார்ந்தார், எழுந்தார், ரயிலில் கைப்பிடியைப் பிடிப்பதுபோலக் கையைத் தூக்கி நின்றார். எங்கேயும் இழுக்கவில்லை, எங்கேயும் தொங்கவில்லை. எனக்குக் கோடு போடத் தெரியும், இப்படி ஓர் உடையை யோசிக்கத் தெரியாது. அன்றைக்கே அது எனக்குப் புரிந்தது. அவரிடம் மட்டும் சொல்லவில்லை. "நல்லாயிருக்கு, பதினாலாவது வரி முடிஞ்சது" என்றேன்.

வரி என்றால் என் பட்டியலின் வரி. முப்பத்தொரு வரிகள். ஒரு மாதிரி உடையைத் தொழிற்சாலை உடையாக்குவதற்குள் செய்யவேண்டிய எல்லாம் அதில் இருந்தன. பதினாலு: மாதிரி உடை தைத்துச் சரிபார்க்கப்பட்டது. டிக்.

ஆறு மாத முடிவில் ஒவ்வொருவரும் முப்பத்தாறு உடைகளைத் தொழிற்சாலையில் தைத்துக் கொண்டுவர வேண்டும். குழு பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். அவருக்குக் கோலாலம்பூரில் ஒரு பேரங்காடியில் தீபாவளிக் காலம் முழுக்க ஒரு தனி வரிசை கிடைக்கும். விமலா அக்கா ஒளிக்காமல் சொன்னார்: "இந்தத் தீபாவளிக்குள்ள ஒண்ணு நடக்கணும் மேடம். இல்லன்னா ஜனவரியில பழைய ஆபீஸ்ல திரும்ப எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. அங்க போய் உக்காந்துட்டா நான் எழுந்து வரமாட்டேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

இங்கே ஒரு சின்னப் பாடம், பொறுத்துக்கொள்ளுங்கள். துணியை வெட்டும்போது தையலுக்காக ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாக விடவேண்டும். எங்கள் தொழிற்சாலையில் வெட்டு அட்டைகளை, அதாவது துண்டுகளின் அளவு மாதிரிகளை, அந்தக் கூடுதல் இல்லாமல் அனுப்புவோம், கணினி அதைச் சேர்த்துக்கொள்ளும். சில இடங்களில் அட்டையிலேயே கூடுதலைச் சேர்த்து வெட்டித் தந்துவிட வேண்டும், அட்டையைத் துணிமேல் வைத்து அப்படியே வெட்டுவார்கள். விமலா அக்காவின் அட்டைகளில் கூடுதல் சேர்ந்திருந்தது. "இது வீட்டுத் தையல் பழக்கம், எடுத்துடுங்க" என்றேன்.

"எடுத்துட்டா அவங்க அங்க விடுவாங்களா மேடம்?"

"எல்லா ஃபேக்டரியிலயும் அப்படித்தான் அக்கா."

எல்லாத் தொழிற்சாலை என்றால், நான் பார்த்திருந்தது ஒன்று.

பத்தொன்பதாவது வரி இந்த மாதிரித் தவறுகளுக்காகவே நான் எழுதியது. வழிகாட்டி தொழிற்சாலைக்கு நேரில் போய், வெட்டும் மேசையைப் பார்க்க வேண்டும். அவர் தைக்கக் கொடுத்த தொழிற்சாலை கிள்ளானில் இருந்தது. ஒரு வியாழக்கிழமை வேலை முடிந்து போவதாக இருந்தேன். மழை. ஃபெடரல் சாலை நெரிசல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. விமலா அக்காவுக்குப் போன் போட்டு, "எல்லாம் ஓகேயா?" என்றேன். "ஓகே மேடம், தவுக்கே நல்ல மனுஷன்" என்றார், தொழிற்சாலை முதலாளியைச் சொல்லி. பட்டியல் இருந்த கோப்பைத் திறந்து பத்தொன்பதில் டிக் போட்டேன். பொய் என்று அப்போது தோன்றவில்லை. முன்கூட்டிப் போட்ட டிக், அடுத்த வாரம் போய்விட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வேறு ஏதோ வந்தது.

பெட்டிகள் மாடிக்கு வந்த சனிக்கிழமை, மேலே இருந்த எக்ஸ்எல் சட்டையை எடுத்து விமலா அக்கா தலைவழியாகப் போட்டுப் பார்த்தார். தோளைத் தாண்டி இறங்கவில்லை. இரண்டு கையும் மேலே மாட்டிக்கொள்ள, சட்டைக்குள்ளிருந்தே பேசினார்: "மேடம், நான் ஒரு வாரத்துல இவ்வளவு குண்டாயிட்டேனா?" அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சட்டையை உருவி எடுத்து அளந்தேன். ஆறு துண்டு, பன்னிரண்டு ஓரம், ஓரத்துக்கு ஒரு சென்டிமீட்டர். சுற்றளவில் பன்னிரண்டு சென்டிமீட்டர் போயிருந்தது. எக்ஸ்எல் என்று எழுதிய சட்டை எஸ் அளவில் இருந்தது. முப்பத்தாறும் அப்படித்தான்.

விமலா அக்கா தவுக்கேயிடம் போனில் பேசிவிட்டு வந்து, "அட்டை எவ்வளவு பெருசோ அவ்வளவுதான் வெட்டினேங்கறாரு. அவர் சொல்றதும் சரிதானே" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மறுவாரம் குழுவின் முன் இருவரும் உட்கார்ந்தோம். தலைமையில் யாழ்ப்பாணத் தமிழ் பேசும் ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை ஒருவர். சட்டையைத் திருப்பி, உள்தையலைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றினார். "வடிவமைப்பு நல்ல வடிவு. அட்டையில விளிம்பை எடுக்கச் சொல்லி ஆர் பிள்ளை சொன்னது?"

விமலா அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். குற்றம் சாட்டும் பார்வை இல்லை. பேச்சு என் முறை என்பதுபோல இடம் விட்டு உட்கார்ந்திருந்தார். நான் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம், அது பெரிய குற்றமும் இல்லை. ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி, "நீர் அங்க போய்ப் பார்க்கேல்லையோ?" என்பதாகத்தான் இருக்கும். பத்தொன்பதாவது வரி மேசையில் திறந்தே கிடந்தது. நான் குனிந்து கோப்பின் பக்கங்களைப் புரட்டினேன். எதையோ தேடுவதுபோல.

"நான்தான் டீச்சர். சரியா கேட்டுக்கல" என்றார் விமலா அக்கா.

வெளியே வந்ததும் படியில் எனக்கு முன்னால் இறங்கினார். நான் "அக்கா" என்றேன். "உங்களுக்கு இங்க ஒரு பேர் இருக்கு மேடம், அது கெடக்கூடாது. எனக்குத்தான் இன்னும் வரலையே" என்றார். பிறகு, "எக்ஸ்எல்னு போட்டு எஸ் குடுத்தா டயட் பண்றவங்க வாங்குவாங்க லா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

தீபாவளி வரிசை வேறொருவருக்குப் போனது. ஜனவரியில் விமலா அக்கா பழைய அலுவலகத்துக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு என்னைத் தலைமை வழிகாட்டியாக்கினார்கள். என் கோப்புதான் எல்லாவற்றிலும் ஒழுங்காக இருந்ததாம். முப்பத்தொரு வரியும் முழுமை.

அதற்கு அடுத்த வருடம் அந்தத் திட்டமே நின்றுபோனது. ஆசிரியை மகனுடன் இருக்க வெளிநாடு போய்விட்டார். முதல் மாடியில் இப்போது டியூஷன் நடக்கிறது. கிள்ளான் தொழிற்சாலையை ஒருநாள் தேடிக்கொண்டு போனேன், பல வருடம் கழித்து, மழையில்லாத ஒரு காலையில். அங்கே லோரிகள் நின்றன. காவலாளி எப்போதோ மூடிவிட்டார்கள் என்றார். வெட்டும் மேசை எப்படி இருந்தது என்று எனக்குக் கடைசிவரை தெரியாது.

போன வருடம் கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் மேடையில் விமலா அக்காவைப் பார்த்தேன். அவர்தான் முதலில் பார்த்தார். "மேடம், இளைச்சுட்டீங்க." மகள் கல்லூரிக்குப் போகிறாள், அலுவலகத்தில் இப்போது அவர்தான் மேற்பார்வை. நான் என் போனில் ஒரு மன்னிப்பை நாலு வரியாக எழுதி வைத்திருக்கிறேன், எங்கேயாவது பார்த்தால் சொல்வதற்கு. முதல் வரியை எடுத்தேன். "அக்கா, அன்னைக்கு டீச்சர் கேட்டப்போ..."

"அட விடுங்க மேடம். அது ஆச்சு ஏழு வருஷம்."

மிச்ச மூன்று வரியும் போனிலேயே நின்றன. அதற்குப் பதிலாக வேறு ஏதோ கேட்டேன், தொழில் சம்பந்தமாக, பாதுகாப்பாக. உடையின் கழுத்தில் தைக்கும் பெயர்த் துணியைக் குறைந்தது ஆயிரம்தான் நெய்து தருவார்கள். அவர் தன் அம்மா பெயரை நெய்யக் கொடுத்திருந்தார், தமிழ் எழுத்தில், 'அஞ்சலை' என்று. கேரி தீவில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த அம்மா.

"அந்த லேபிள் மிச்சம் இருக்காக்கா?"

"வீடு மாறினப்போ தூக்கிப் போட்டாச்சு. சட்டையில தச்சதையும் பிரிச்சுட்டுத்தான் சட்டையைக் குடுத்தேன், பொம்பளப் பிள்ளைங்க இல்லத்துக்கு. அளவு தப்பான உடுப்புல எங்கம்மா பேர் எதுக்கு?"

என் கோப்பில் ஒன்று இருக்கிறது. இருபத்திரண்டாவது வரிக்குப் பக்கத்தில் மாதிரிக்காக நான் பின் அடித்து வைத்தது. அதை அப்போது சொல்லியிருக்கலாம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். ஆனால் அந்தப் பக்கத்தைத் திறந்தால் மூன்று வரி மேலே பத்தொன்பது இருக்கும். கிள்ளான் ரயில் வந்தது. "வரேன் மேடம்" என்று ஏறிக்கொண்டார். கதவு மூடும்வரை நான் கையாட்டிக்கொண்டிருந்தேன்.