மீன் வீட்டில் ஒரு புண்

எங்கள் அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவள். வைத்திக்குப்பத்தில், படகுகளை இழுத்துப் போட்டிருக்கும் மணலை ஒட்டித்தான் வீடு. அப்பா போன பிறகு என்னோடு வந்து இரு என்றால் கேட்கவில்லை. இங்கேதான் இருப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். இப்போது அந்த வார்த்தையைச் சொல்லவே நாக்கு கூசுகிறது.

நான் கடலை விட்டுத் தள்ளி, கருவடிக்குப்பத்தில் வாக்கப்பட்டவள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்கப் போவேன். இத்தனை வருஷத்தில் மூக்கு மாறிவிட்டது; வாசலில் கால் வைத்ததுமே மீன் நாற்றம் குப்பென்று அடிக்கும்.

"வந்துட்டா மகாராணி, மூக்கைப் பொத்திக்கினு" என்று அம்மா கேலி செய்வாள்.

மாசி மகம் முடிந்து சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிறு. அன்றைக்கு அடித்தது வேறு நாற்றம். மீன் கெட்டால் எப்படி நாறும் என்று எனக்குத் தெரியாதா? இதில் ஒரு தித்திப்பு கலந்திருந்தது.

"எம்மா, வீட்ல என்னமோ செத்துக் கெடக்குது. எலியான்னு பாரு."

"மீன்டி. நேத்து வித்தது போக மிச்சம். கருவடிக்குப்பம் போனதுலேருந்து ஒனக்கு எல்லாமே நாறுது."

கட்டிலுக்கு அடியில், பானைகளுக்குப் பின்னால், கூடைக்குள் என்று தேடினேன். எதுவும் இல்லை. அம்மாவிடம் வந்து குனிந்தபோதுதான் தெரிந்தது. அவள் இடது காலில் ஒரு பழைய புடவைத் துண்டைச் சுற்றியிருந்தாள். அதை அவிழ்த்தேன். கடவுளே! பாதத்தின் பாதி கறுத்துப் போயிருந்தது.

மாசி மகத்தன்று சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு எங்கள் கடற்கரைக்குத்தான் வரும். சாமி வந்து நிற்கிற மணலில் அம்மா செருப்பு போடமாட்டாள். உச்சி வெயிலில் வெறுங்காலோடு நின்றிருக்கிறாள். பல வருஷச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சியே கிடையாது. சுட்டதே தெரியவில்லை. கொப்புளம் உடைந்ததும் குப்பத்தில் எல்லோரும் செய்வதைச் செய்தாள். தினமும் சாயங்காலம் கடலில் போய்க் காலை நனைத்துக்கொண்டு நின்றாள்.

"உப்புத்தண்ணி பட்டா ஆறிப்போவும்டி. வலியே இல்ல, நீ ஏன் இந்தக் குதி குதிக்கிற?"

அக்கம்பக்கத்தில் ஒருவருக்குக்கூட நாற்றம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? எல்லோர் வீட்டிலும் மீன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்மா என்றும் பார்க்காமல் கத்தித் தீர்த்து, ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். புண்ணுக்குள் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தார். அது போய்க்கொண்டே இருந்தது.

"செத்த சதையை வெட்டி எடுத்தாதான் நல்ல சதை வளரும்மா" என்றார். பிறகு கெண்டைக்காலில் சிவப்பு எதுவரை ஏறியிருந்ததோ அங்கே நீலப் பேனாவால் ஒரு கோடு போட்டார். "சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டி ஏறுச்சுன்னா மறுபடியும் ஆழமா வெட்டிப் பார்ப்போம். அதுக்கும் அடங்கலன்னா முட்டிக்குக் கீழ காலை எடுக்க வேண்டியிருக்கும்."

"காலு இல்லாம கூடையத் தூக்கிக்கினு எப்படிம்மா நடப்பேன்?" என்று கேட்டாள் அம்மா. அன்றுதான் அவள் முகத்தில் பயத்தைப் பார்த்தேன்.

தியேட்டருக்குள் கொண்டுபோய் ஒரு முறை வெட்டினார்கள். அதன் பிறகு கட்டு மாற்றும்போதெல்லாம் மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினார்கள். மரத்துப்போக ஊசிகூடத் தேவைப்படவில்லை. ஊறிப்போன கருவாடு போலச் சதை கத்தரியில் வந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அம்மா வஞ்சிரம் விலை ஏறியதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில், "ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றாள்.

"ரத்தம் வர்ற எடம் வரைக்கும் போகணும்" என்றார் டாக்டர். "வலிக்குதுன்னு அவங்க கத்துனா சந்தோஷப்படுங்க."

நான் சாப்பிட்டேனோ இல்லையோ, கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு காலையில் சிவப்பு அதைத் தாண்டியிருந்தது. மறுபடியும் தியேட்டர், இன்னும் ஆழமாக. வெளியே நின்று, அவள் கத்த வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பெற்றவள் வலியில் துடிக்க வேண்டும் என்று எந்த மகள் வேண்டுவாள்?

அடுத்த கட்டு மாற்றும்போது கத்தினாள்.

"அய்யய்யோ, வலிக்குதுடீ! அடிப்பாவி, விடச் சொல்லுடீ!"

புண்ணிலிருந்து ரத்தம் வழிந்தது. நல்ல சிவப்பு. நான் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன். சிவப்பு கோட்டுக்குக் கீழே இறங்கியது. கால் தங்கியது.

பாதத்தில் விழுந்த பள்ளம் மூடும் வரை வைத்திக்குப்பத்திலேயே தங்கிவிட்டேன். இடது காலைத் தினமும் நானே கழுவிக் கட்டுப் போட்டேன். குனிந்து மோந்தும் பார்ப்பேன். "நாய் மாதிரி மோந்துக்கினே இருக்கா பாரு" என்பாள் அம்மா. இடது காலை ஊன்றக் கூடாது என்பதால் பாரமெல்லாம் வலது காலில்தான். நொண்டி நொண்டி நடந்தாள். பள்ளம் மெல்ல ரோஜா நிறத்தில் மேலேறி வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பார்ப்பவர்களிடமெல்லாம் காட்டினேன்.

போன ஞாயிறு வீட்டுக்காரர் என்னை அழைத்துப் போக வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் கால் வைத்தவர், கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன இது? உள்ள என்னமோ செத்துக் கெடக்குது போல."

"மீன்தாங்க" என்றேன், சிரித்துக்கொண்டே. "எலி எதுவும் இல்ல. உள்ள வாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என் குரல் என் காதில் விழுந்தது. மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். மீன் நாற்றம்கூடத் தெரியவில்லை.

திரும்பினேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா எங்கள் இருவரையும் பார்க்காமல் புடவையைக் கீழே இழுத்து வலது காலை மூடிக்கொண்டிருந்தாள்.