இரண்டு அழகிகளுக்கு ஒரே தையல்காரி

திருமுல்கேரியில் எங்கள் வீட்டு முன்னறைதான் அம்மாவின் தையல் கடை. ராணுவக் குடியிருப்பிலிருந்து பெண்கள் துணி கொண்டுவருவார்கள். அம்மாவுக்குத் தமிழை விட்டால் கடைத்தெரு இந்தி மட்டும்தான் வரும். அவர்களுடைய ஆங்கிலத்தைத் தமிழில் சொல்வது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை அப்போதே எனக்கு நிறைய இருந்தது.

அந்த வருடம் நாட்டின் அழகியைத் தேர்ந்தெடுக்க இரண்டு போட்டிகள் மோதிக்கொண்டன. ஒன்றில் சேர்ந்தவள் மற்றதில் சேரக் கூடாது. கர்னல் வீட்டு ஆன்ட்டியின் மகள் ஒன்றில், மேஜர் வீட்டு ஆன்ட்டியின் மகள் இன்னொன்றில். மற்றது டூப்ளிகேட் என்று இருவருமே சொன்னார்கள். இருவருமே கவுன் தைக்க அம்மாவிடம் வந்தார்கள். மற்ற வீட்டுக்குத் தைக்கக் கூடாது என்று இருவருமே நிபந்தனை போட்டார்கள். அம்மா இருவரிடமும் தலையாட்டிவிட்டாள்.

"யார்கிட்டயும் பேச்சே நக்கோ, வாயே திறக்காதே. ஒருத்திக்குத் தெரிஞ்சாலும் ரெண்டு வீட்டு வேலையும் போயிடும்" என்று என்னை மிரட்டி வைத்திருந்தாள்.

மேஜர் மகளும் அம்மாவும் ஒரே உயரம். ஒரு சாயங்காலம், கீழ் ஓரம் பார்க்க அந்தப் பெண்ணின் சிவப்புக் கவுனை அம்மா மாட்டிக்கொண்டு நின்றபோது கர்னல் வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டினார். கழற்ற நேரமில்லை. கவுனைச் சுருட்டி இடுப்பில் செருகி, மேலே புடவையைச் சுற்றி, முந்தானையைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு வந்தாள்.

மகளின் கவுனுக்கு லேஸ் கொடுக்க வந்தவர் அம்மாவின் வயிற்றையே பார்த்தார். முகம் மலர என்னிடம் ஏதோ கேட்டார்.

"எத்தனை மாசம்னு கேக்கறாங்கம்மா."

அம்மா அசரவில்லை. "அஞ்சுன்னு சொல்லு."

சொன்னேன். தன் மகளுடையதை மட்டும் முடித்தால் போதும், வேறு யாருக்கும் தைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஆன்ட்டி அன்போடு சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தியதும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அம்மா புடவையை அவிழ்த்தாள். கவுன் சரசரவென்று தரைவரை இறங்கியது. பீரோ கண்ணாடி முன் நின்று முதுகை நிமிர்த்தினாள்.

"எப்படிடி இருக்கு?"

நான் குந்தி உட்கார்ந்து கவனமாகப் பார்த்தேன். "இடதுபக்கம் அரை இஞ்ச் தூக்கியிருக்கும்மா."

அம்மா கண்ணாடியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கவுனின் இடுப்பை ஒருமுறை நீவிவிட்டு, "சரி, குண்டூசி எடு" என்றாள்.

அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. சரியான பதிலைச் சொல்லிவிட்ட திருப்தியில், நான் அவள் காலடியில் உட்கார்ந்து ஒவ்வொரு ஊசியாக நீட்டிக்கொண்டிருந்தேன்.