பிளசருக்கு வைத்த பொட்டு

எங்கள் பெரியப்பாவிடம் ஒரு பழைய கார் இருந்தது. சின்னமனூரில் எங்கள் தெருவில் அதைக் கார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பிளசர் என்பார்கள். முன்பக்கம் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றினாலும் கிளம்பும். கிளம்பாத நாட்களில் பெரியப்பா யாரோடும் பேச மாட்டார்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், ஆயுத பூஜைக்கு மறுநாள், கூடலூரில் மாப்பிள்ளை வீட்டுக்குக் கை நனைக்கப் போவதாக முடிவாகியிருந்தது. பெண் வீட்டார் அங்கே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி. அதன் பிறகு பேச்சு மாறக் கூடாது. பெண், என் அப்பாவின் தங்கை. ஆசிரியர் பயிற்சியில் முதல் வருடம் முடித்திருந்தார். இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்று பெரியப்பாவிடம் ஒரு முறை கேட்டார்.

"படிச்சது போதும்த்தா. அவுக காத்திருக்க மாட்டாக" என்றார் பெரியப்பா.

அத்தை மறுமுறை கேட்கவில்லை. சமாதானமாகிவிட்டார் என்று எல்லோரும் நினைத்தோம்.

பூஜையன்று வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. நான் பேசாத பிள்ளை. விருந்தாளி வந்தால் நெல் மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். சக்கரம், விளக்கு, பேட்டரி என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். அத்தை கிண்ணத்தைப் பிடித்தபடி கூட வந்தார். எஞ்சின் பக்கம் கருப்பாக ஒரு மூடி இருந்தது. அதன் இரண்டு கிளிப்பையும் தள்ளிவிட்டு அத்தையே திறந்தார். உள்ளே இரண்டு சின்ன உலோக முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. ஒன்றை நகத்தால் விலக்கிப் பிடித்தார்.

"இதுக்கு ஊடாலயும் வையித்தா. சாமிக்கு உள்ள, வெளியன்னு இருக்கா?"

சுண்டுவிரலால் கொஞ்சம் சந்தனம் வைத்தேன். அத்தை மூடியை மாட்டினார். இவ்வளவு பக்தி அவருக்கு இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மறுநாள் காலையில் தாம்பூலத் தட்டெல்லாம் ஏற்றியாயிற்று. வண்டி கிளம்பவில்லை. நான்கு பேர் தள்ளினார்கள். பெரியப்பா கம்பியைச் சுற்றிச் சுற்றிப் புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வாடகைக் கார் பிடிக்கலாமா என்று அம்மா கேட்டார்.

"பூசை போட்ட மறுநாளே சொந்த வண்டி மொரண்டு பண்ணுது. வாடகை வண்டியில போனா மட்டும் வெளங்கிருமா? ஒம்பதரை வரைக்கும் பாப்போம். கிளம்புனாப் போறோம். கிளம்பலைன்னா சாமிக்கு இஷ்டமில்ல. இந்த எடத்த விட்டுருவோம்."

அவர் சொன்னால் சொன்னதுதான். மெக்கானிக்கை வீட்டிலிருந்தே கூட்டிவந்தார்கள். விடுமுறை நாளில் வேட்டியோடு வந்தவர், சிவப்பும் கருப்புமாக இரண்டு ஒயர் தொங்கும் ஒரு மீட்டரை பானெட் ஓரத்தில் வைத்தார். பேட்டரியில் ஒயரை வைத்ததும் முள் ஏறியது.

"பேட்டரி பன்னெண்டு காட்டுதுண்ணே."

"காயிலுக்குக் கரண்டு வருதா பாரு."

"சாவியப் போடுங்க. ம்... அங்கனயும் பன்னெண்டு."

சிவப்பு ஒயரை காயிலின் மறுமுனையில் வைத்துக்கொண்டு பெரியப்பாவைக் கம்பி சுற்றச் சொன்னார். சுற்றினார். முள் அசையவில்லை.

"இங்கன முள்ளு எறங்கி எறங்கி ஏறணும்ணே. மேலயே நிக்கிது. வர்ற கரண்டு வெளிய போக வழியில்லாமக் கெடக்கு."

"அந்த மூடியத் தொறந்து பாத்தியா?"

"அதைப் போன வாரந்தேன் அரம் போட்டு ராவி வச்சேன், அதுல ஒண்ணும் வராது. ஒயரு எங்கயோ உள்ள அத்துருச்சு. தேனிக்குப் போயி வாங்கணும். இன்னிக்கு எவன் கடை தொறந்து வச்சிருக்கான்?"

மணி ஒன்பது இருபது. பெரியப்பா கம்பியைக் கீழே போட்டார்.

அத்தை நிலைக்கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார். வண்டியையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாணம் நின்றுபோகுமே என்று தவிக்கிறார் என எனக்குப் புரிந்தது. அழுதுவிடுவாரோ என்று பயமாக இருந்தது. ஏதோ வழி இல்லாமல் நிற்கிறது என்று மெக்கானிக் சொன்னதும் காதில் விழுந்திருந்தது. நெல் மூட்டைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

"அந்த மூடிக்குள்ளயும் நான் பொட்டு வச்சேன்."

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடி ஆத்தா!" என்றார் மெக்கானிக். "இந்த வண்டிக்கு நெத்தி அங்கனயா இருக்கு?"

சிரிப்பு அடங்குவதற்குள் மூடியைத் திறந்துவிட்டார். காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி, பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தார். மறுபடி மீட்டர். மறுபடி கம்பி. முள் கீழே விழுந்தது, ஏறியது, விழுந்தது. அடுத்த சுற்றில் வண்டி உறுமிக் கிளம்பியது.

"ஒங்க தங்கச்சியக் கேட்டிருந்தாச் சொல்லியிருக்குமேண்ணே" என்று மெக்கானிக் அந்தச் சத்தத்தில் கத்தினார். "போன வாரம் அதுதேன் டார்ச் பிடிச்சுச்சு. இது ரெண்டும் ஒட்டலைன்னா வண்டி வெறுங் கல்லுன்னு சொல்லிக்கிட்டேதேன் ராவுனேன்."

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. நானும்தான். பெரியப்பா என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வண்டியில் ஏறினார். அத்தைதான் வைக்கச் சொன்னார் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. வைத்தது நான்தானே.

பெரியவர்கள் போய்விட்டார்கள். வீட்டில் அத்தையும் நானும் மட்டும். அவர் அடுப்படியில் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கல்யாணம் கைகூடிய நிம்மதி என்று நினைத்தேன். ஏதாவது சொல்வார் என்று பக்கத்திலேயே நின்றேன். கடைசியில் என் தலையில் கை வைத்தார்.

"உனக்கு இத்தனை பேருக்கு முன்னாடி பேச வரும்னு நான் நெனைக்கவே இல்லையேத்தா."

யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, ஆசிரியர் வருகைப் பதிவில் என் பெயரை வாசித்தபோது, வகுப்பே திரும்பிப் பார்க்கும்படி சத்தமாக "உள்ளேன் ஐயா" என்றேன்.