அக்கட்டால போங்க

இந்த ஊரில் திட்டினாலும் மரியாதையாகத்தான் திட்டுகிறார்கள். பனியன் கம்பெனியில் சேர்ந்த முதல் வாரமே நூலை மாற்றிக் கோத்துவிட்டேன். மேஸ்திரி ஓடிவந்து, "ஏனுங்க, உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குதுங்களா?" என்றார். இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி வாயில் 'அடே' இல்லாமல் ஒரு சொல் வராது. இவரோ பன்மை கொடுத்துத் திட்டுகிறார். அழுவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் "இருக்குதுங்க" என்றேன். அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன்.

இலங்கையில் கப்பலுக்குக் காத்திருக்கும் நம்மவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். என் பாட்டன் காலத்தில் இரண்டு நாட்டுக்கும் நடுவே இருந்தது கடல் மட்டும்தான். பஞ்சம் வந்தால் போனார், பொங்கல் வந்தால் திரும்பினார். இரண்டு கரையையும் ஆண்டவன் ஒரே வெள்ளைக்காரன். அவன் மூட்டை கட்டிய பிறகுதான் தண்ணீரின் மேல் கோடு முளைத்தது. அந்த நாடு எங்களை 'இந்தியாக்காரன்' என்றது, இந்த நாடு 'சிலோன்காரன்' என்றது. பிறகு இரண்டு பக்கத்துப் பெரிய மனிதர்களும் உட்கார்ந்து, உனக்கு இத்தனை பேர், எனக்கு இத்தனை பேர் என்று பட்டி ஆடு மாதிரி பங்கு பிரித்தார்கள். தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், நானும் தம்பியும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. எனக்கு இந்தியா விழுந்தது, அவனுக்கு இலங்கை. காகிதத்தைப் பார்த்துவிட்டுத் தம்பி கேட்டான்: "அண்ணே, அப்ப அம்மி எந்த நாடு?" விழுந்து விழுந்து சிரித்தோம். வேறென்ன செய்வது?

வீடு பார்க்க நான் முதலில் வந்துவிட்டேன். மனைவி செல்லம்மாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் தம்பியின் பொறுப்பில் இருந்தார்கள். அடுத்த வாரம் அவர்களுக்குக் கப்பல். அதற்குள் வீடு கிடைக்காவிட்டால் பிள்ளைகள் அகதி முகாமில் கிடக்க வேண்டும். சிலோன் என்று சொன்னதுமே வீட்டுக்காரர்கள் "பாக்கலாமுங்க" என்பார்கள். அதற்கு 'இல்லை' என்று பொருள் என்பது புரியவே எனக்கு மூன்று வீடு ஆயிற்று.

நான்காவது வீடு மங்கலம் ரோட்டில். வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"எந்த ஊருங்க?"

"சிலோனுங்க."

"அடேங்கப்பா! ரேடியோ பாடுமே, அந்த ஊருங்களா?" என்றவர், திடீரென்று முகம் மாறி, "ஏனுங்க, சித்தெ அக்கட்டால போங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அக்கட்டு என்றால் அந்தப் பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து துரத்தியதால்தானே இங்கே வந்து நிற்கிறேன்! இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது.

"போகமாட்டேன்! இது என் நாடு!" என்று பாஸ்போர்ட்டை எடுத்து உயர்த்திக் காட்டினேன்.

"ஐயோ, அக்கட்டால போங்க சாமி!" என்று அவர் அலறினார்.

"செத்தாலும் நகரமாட்டேன்!"

அந்த வார்த்தை முடிவதற்குள் பின்னாலிருந்து ஓர் எருமை என்னைத் தூக்கிப் போட்டது. கழனித்தண்ணித் தொட்டிக்குள் பாஸ்போர்ட்டும் நானும் சேர்ந்தே விழுந்தோம்.

அவரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். "எருமை கவுத்த அறுத்துட்டு வருது, தள்ளி நில்லுங்கன்னுதானுங்களே சொன்னேன்!" என்றார் அவர். அந்த அம்மா பாஸ்போர்ட்டைத் துடைத்து, கொடியில் வீட்டுக்காரரின் கோவணத்துக்குப் பக்கத்தில் காயப்போட்டார்கள். என் நாடு அங்கே சொட்டிக்கொண்டிருந்தது. வெட்கத்தில் தலை குனிந்தேன்.

"ஊட்டுல எத்தனை பேருங்க?" என்று அந்த அம்மா கேட்டார்கள். சொன்னேன். வீட்டுக்காரர் சாவியை நீட்டினார். "எங்கூட்டு எருமை மோதியும் நாட்டை உட்டுத் தராத ஆளுங்க நீங்க. ஊட்டையும் பத்தரமா வெச்சுக்குவீங்க."

செல்லம்மாவும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். தம்பி துறைமுகம் வரை வந்து, பிள்ளைகள் கண்ணில் மறையும் வரை நின்றானாம். வந்த மறுநாளே அவனுக்குக் கடிதம் எழுதி, தபால் ஆபீஸில் நீட்டினேன். குமாஸ்தா விலாசத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"வெளிநாட்டுக் கடுதாசிங்களா?"

"இல்லீங்க, என் தம்பிக்குங்க."

"தம்பியா இருந்தாலும் வெளிநாடுதானுங்க" என்று, கோபமே இல்லாமல், மிக மரியாதையாக, வேறு ஸ்டாம்பை எடுத்தார்.